வேலையா, வலையா?

மலாக்கா மாநிலத்தின் அலோர் காஜா மாவட்டத்தில் அமைந்துள்ள சிறு பட்டணம் மஸ்ஜித் தானா. அதைச் சுற்றி ரப்பர், செம்பனைத் தோட்டங்கள் உள்ளன. சற்றுத் தள்ளி பெங்காலான் பாலாக், தஞ்சோங் பீடாரா கடற்கரைகள் இருக்கின்றன. தோட்டத்திலிருந்து வெளியேறிய பல தமிழ்க் குடும்பங்கள் இன்று பட்டணத்து வீடமைப்புப் பகுதிகளில் வாழ்கின்றன. எஸ்.பி.எம். தேர்வு முடிந்து முடிவுக்காகக் காத்திருக்கும் மாதங்களில் இங்குள்ள இளையோர் பலரும் வேலை தேடுகின்றனர். சிலருக்குக் கல்லூரிச் செலவுக்குப் பணம் வேண்டும். சிலருக்கு வீட்டுச் சுமையைக் குறைக்க வேண்டும். கடைகளிலும் தொழிற்சாலைகளிலும் கடற்கரை விடுதிகளிலும் கிடைக்கும் வேலைகள் குறைவு. அந்த நேரத்தில்தான் திறன்பேசியில் இப்படிப்பட்ட செய்திகள் வந்து சேர்கின்றன. கீழே உள்ளது பயிற்சிக்காக எழுதப்பட்ட மாதிரி விளம்பரம்:

"வணக்கம் தம்பி, தங்கச்சி! மலாக்கா வட்டாரத்தில் விற்பனை நிர்வாகிகள் 20 பேர் உடனடித் தேவை. அனுபவம் வேண்டியதில்லை. கல்வித்தகுதி முக்கியமில்லை. மாதம் ரி.ம.3,000 முதல் ரி.ம.8,000 வரை சம்பாதிக்கலாம். தங்கும் வசதி உண்டு. இடங்கள் குறைவு. இன்றே புலனத்தில் தொடர்பு கொள்ளுங்கள்!"

இந்த விளம்பரம் பொய்யென்று உடனே முடிவு செய்துவிட முடியாது. நேர்மையான சிறு வணிகர் ஒருவர் அவசரத்தில் இப்படி எழுதியிருக்கலாம். உண்மையென்று நம்பிவிடவும் முடியாது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள் பெரியோர். ஆழத்தை எப்படி அளப்பது? தமிழ் வகுப்பில் கற்ற வாக்கிய இலக்கணமே அதற்கு முதல் அளவுகோலாகும்.

எழுவாய் எங்கே?

"நிர்வாகிகள் உடனடித் தேவை" என்கிறது விளம்பரம். யாருக்குத் தேவை? நிறுவனத்தின் பெயர் இல்லை, முகவரி இல்லை. வேலை தருபவர் யார் என்பது தெரியாதபோது மற்ற எந்த வாக்குறுதிக்கும் பொறுப்பாளி இல்லை. எனவே முதலில் கேட்க வேண்டியது நிறுவனத்தின் முழுப் பெயரும் பதிவு எண்ணும் ஆகும்.

தீபகற்ப மலேசியாவில் நிறுவனங்களும் வணிகங்களும் எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். இப்போது வழங்கப்படும் பதிவு எண் 12 இலக்கங்களைக் கொண்டது. முதல் நான்கு இலக்கங்கள் பதிவு செய்யப்பட்ட ஆண்டைக் காட்டும். அடுத்த இரண்டு இலக்கங்கள் அதன் வகையைக் காட்டும். 01 என்றால் உள்நாட்டு நிறுவனம். 03 என்றால் தனியாரோ பங்காளிகளோ நடத்தும் வணிகம். "இருபது ஆண்டு அனுபவம் பெற்ற பெரிய நிறுவனம்" என்று ஒருவர் சொல்ல, எண்ணின் தொடக்கத்தில் சென்ற ஆண்டே இருந்தால் அந்தப் பேச்சுக்கு விளக்கம் கேட்க வேண்டும்.

பதிவு இருப்பது மட்டுமே நற்சான்று ஆகாது. மோசடிக்காரர்கள் வேறொரு நல்ல நிறுவனத்தின் பெயரையும் எண்ணையும் பயன்படுத்துவதுண்டு. ஆகவே விளம்பரத்தில் உள்ள கைப்பேசி எண்ணை நம்பாமல், நிறுவனத்தின் அதிகாரப்பூர்வத் தொலைபேசி எண்ணைத் தானே தேடி அழைத்து, "இந்த வேலைக்கு நீங்கள்தாம் ஆள் எடுக்கிறீர்களா?" என்று கேட்பது நல்லது. இடையில் முகவர் ஒருவர் இருந்தால் அவருக்கும் உரிமம் வேண்டும். தனியார் வேலை முகவர்கள் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தொழிலாளர் துறையின் உரிமம் பெற்றே இயங்க வேண்டும்.

செயப்படுபொருள் எது?

விற்பனை நிர்வாகி எதை விற்பார்? யாரிடம் விற்பார்? எங்கு விற்பார்? விளம்பரத்தில் பதில் இல்லை. விற்பனை என்பது மதிப்புள்ள தொழில். கைப்பேசிக் கடையில் நிற்பவரும், வீட்டு உபயோகப் பொருளின் பயன்பாட்டை விளக்கிக் காட்டுபவரும், காப்பீட்டு முகவரும் விற்பனைத் துறையினரே. அவர்கள் ஒவ்வொருவரும் தாம் விற்கும் பொருளைப் பெயர் சொல்லிக் காட்டுவார்கள். "நேரில் வந்தால் சொல்கிறோம்" என்று பொருளை மறைப்பவர்கள், பொருளைக் கேட்டால் ஆள் வரமாட்டார் என்பதை அறிந்தே மறைக்கிறார்கள்.

சில நேரங்களில் நேர்காணல் என்று அழைக்கப்பட்டவர் ஒரு கூட்டத்தில் போய் அமர்கிறார். மேடையில் பொருளைப் பற்றிய பேச்சு குறைவாகவும், புதியவர்களைச் சேர்ப்பதைப் பற்றிய பேச்சு மிகுதியாகவும் இருக்கிறது. நேரடி விற்பனை மலேசியாவில் அனுமதிக்கப்பட்ட தொழிலே. ஆனால் அதை நடத்தும் நிறுவனம் 1993ஆம் ஆண்டு நேரடி விற்பனை, பிரமிட் திட்டத் தடுப்புச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற வேண்டும். அந்த உரிம எண் ஏ.ஜே.எல். என்ற எழுத்துகளுடன் தொடங்கும். உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சிடம் அதைச் சரிபார்க்கலாம். பொருளை விற்பதால் அல்லாமல், ஆள் சேர்ப்பதால் வருமானம் தரும் பிரமிட் திட்டத்தை அதே சட்டம் தடை செய்கிறது.

பிரமிட் திட்டம் ஏன் தடை செய்யப்பட்டது என்பதை ஒரு கணக்கு விளக்கும். ஒவ்வொருவரும் ஐந்து பேரைச் சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதல் அடுக்கில் 5 பேர். இரண்டாம் அடுக்கில் 25 பேர். மூன்றாம் அடுக்கில் 125 பேர். ஒன்பதாம் அடுக்கில் 19,53,125 பேர் தேவைப்படுவர். மலாக்கா மாநிலத்தின் மொத்த மக்கள்தொகையே ஏறத்தாழ 10 இலட்சம்தான். ஆகவே கடைசியாகச் சேர்ந்தவர்களுக்குச் சேர்க்க ஆளே இருக்காது. அவர்கள் செலுத்திய பணம்தான் மேல் அடுக்கில் இருப்பவர்களின் வருமானம் ஆகிறது.

பயனிலை என்ன சொல்கிறது?

"மாதம் ரி.ம.3,000 முதல் ரி.ம.8,000 வரை சம்பாதிக்கலாம்" என்ற வரியை மீண்டும் வாசிக்க வேண்டும். "சம்பளம் வழங்கப்படும்" என்று அதில் இல்லை. "-லாம்" என்னும் ஈறு நடக்கக்கூடியதைச் சொல்கிறதே ஒழிய, நடக்கும் என்று உறுதி கூறுவதில்லை. சம்பாதிக்கலாம் என்றால் சம்பாதிக்காமலும் போகலாம். இந்தச் சிறு ஈற்றில்தான் பல இளையோரின் உழைப்பு கரைந்து போகிறது.

அடிப்படைச் சம்பளம் இல்லை, கமிஷன் மட்டும் உண்டு என்று வைத்துக்கொள்வோம். ஒரு பொருளின் விலை ரி.ம.80. கமிஷன் 10 விழுக்காடு, அதாவது ரி.ம.8. ரி.ம.3,000 பெற வேண்டுமானால் மாதத்தில் 375 பொருள்களை விற்க வேண்டும். 26 வேலை நாள்கள் என்றால் நாளுக்குப் பதினான்குக்கும் மேல். மஸ்ஜித் தானா போன்ற சிறு பட்டணத்தில் நாள்தோறும் புதிதாகப் பதினான்கு வாங்குபவர்களைக் கண்டுபிடிக்க முடியுமா? மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் ஊற்றும் செலவு யாருடையது? இந்தக் கணக்கை நேர்காணலுக்குச் செல்லும் முன்பே ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிடலாம்.

இங்கு ஒரு வேறுபாட்டை அறிந்துகொள்வது அவசியம். தொழிலாளி என்பவர் வேறு. சுயேச்சை விற்பனை முகவர் என்பவர் வேறு. தொழிலாளிக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. 2025 ஆகஸ்ட்டு 1 முதல் நாட்டின் எல்லா முதலாளிகளுக்கும் பொருந்தும் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் ரி.ம.1,700. கமிஷன் அடிப்படையில் மட்டும் சம்பளம் பெறும் தொழிலாளிக்கும் மாத வருமானம் இந்த அளவுக்குக் குறையக்கூடாது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வேலைக்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் வேண்டும் என்கிறது 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம். சம்பளக் காலம் முடிந்து ஏழு நாள்களுக்குள் சம்பளம் கொடுக்கப்பட வேண்டும் என்றும் அச்சட்டம் விதிக்கிறது. ஊழியர் சேமநிதியில் ரி.ம.1,700 சம்பளத்துக்குத் தொழிலாளியின் பங்கு 11 விழுக்காடு, அதாவது ரி.ம.187. முதலாளியின் பங்கு 13 விழுக்காடு, அதாவது ரி.ம.221. சொக்சோ பாதுகாப்பும் உண்டு.

சுயேச்சை முகவருக்கு நிறுவனம் இவற்றை வழங்குவதில்லை. அவர் தம் சொந்த வணிகத்தைச் செய்பவராகக் கருதப்படுகிறார். அறிந்து ஏற்றால் அதில் தவறில்லை. "வேலை" என்று அழைத்து, "முகவர்" என்ற தாளில் கையெழுத்து வாங்குவதே தவறு. ஆகவே, "நான் உங்கள் நிறுவனத்தின் தொழிலாளியா, முகவரா? சேமநிதியும் சொக்சோவும் கட்டுவீர்களா?" என்ற இரண்டு கேள்விகளை நேர்காணலில் கேட்டே ஆக வேண்டும். வேலையில் சேர்ந்த பிறகும் சேமநிதிக் கணக்கைத் திறந்து, முதலாளியின் பங்கு வந்து சேர்ந்ததா என்று பார்க்கலாம்.

பணம் எந்தத் திசையில் ஓடுகிறது?

மேற்கண்ட மூன்று கேள்விகளுக்கும் திருப்தியான பதில் கிடைத்தது போல் தோன்றினாலும் நான்காவது கேள்வி ஒன்று உண்டு. வேலை என்றால் பணம் முதலாளியிடமிருந்து தொழிலாளிக்கு வர வேண்டும். அது எதிர்த்திசையில் ஓடத் தொடங்கும் இடத்தில் வேலை முடிந்து வேறொன்று தொடங்குகிறது. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், சீருடைக்கு முன்பணம், பொருள் இருப்புக்கு வைப்புத்தொகை எனப் பெயர் எதுவானாலும் திசை ஒன்றுதான்.

இணையத்தில் "பணி முடித்தால் கமிஷன்" என்று அழைக்கும் மோசடியிலும் இதே திசைமாற்றம் நடக்கிறது. காணொலிக்கு விருப்பம் தெரிவித்தல், பொருளுக்கு மதிப்பீடு எழுதுதல் போன்ற எளிய பணிகளுக்கு முதலில் சிறு தொகை உண்மையாகவே கொடுக்கப்படும். நம்பிக்கை பிறந்த பிறகு, "பெரிய கமிஷன் வேண்டுமானால் முதலில் நீங்கள் பணம் போட வேண்டும்" என்பார்கள். போட்ட பணத்தை எடுக்க மேலும் பணம் கேட்பார்கள்.

பணம் கேட்காமல் வங்கிக் கணக்கைக் கேட்பதும் உண்டு. "வாடிக்கையாளர் பணம் உன் கணக்குக்கு வரும், அதை வேறு கணக்குக்கு மாற்றினால் போதும்" என்பது விற்பனை வேலை அன்று. மோசடிப் பணத்தைக் கடத்த இரவல் வாங்கப்படும் இத்தகைய கணக்கை மலாய் மொழியில் "அகாவுன் கெல்டாய்", அதாவது கழுதைக் கணக்கு என்பர். பாரத்தைச் சுமந்தது கழுதை என்றாலும் வழக்கு வரும்போது கணக்குக்கு உரியவரே நீதிமன்றத்தில் நிற்க நேரும். ஆகவே ஏ.டி.எம். அட்டையையும் இணைய வங்கிக் கடவுச்சொல்லையும் எவரிடமும் கொடுக்கக்கூடாது.

தோட்டத்துத் தமிழரின் வரலாறும் இந்தத் திசையைப் பற்றிய பாடமாகவே அமைந்துள்ளது. ஒப்பந்தக் கூலி முறையில் மலாயாவுக்கு அழைத்து வரப்பட்டவர்களின் பயணச் செலவு அவர்கள் தலையில் கடனாகச் சுமத்தப்பட்டது. அந்தக் கடன் சம்பளத்தில் கழியும் வரை அவர்களால் வேலையை விட்டுப் போக முடியவில்லை. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி தொடங்கப்பட்ட பின், முதலாளிகள் செலுத்திய தொகையிலிருந்து பயணச் செலவு கொடுக்கப்பட்டது. 1910இல் மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை ஒழிக்கப்பட்டது. வேலைக்கு வந்து சேரும் செலவைத் தொழிலாளியின் கடனாக்கினால் அவர் கட்டுண்டவர் ஆகிவிடுகிறார் என்பதை அந்தத் தலைமுறை பட்டறிந்தது.

எல்லை தாண்டிய வலை

இந்த நூற்றாண்டிலும் அப்படிக் கட்டுண்டவர்கள் இருக்கிறார்கள். 2022 செப்டம்பர் 24ஆம் நாள் இந்திய வெளியுறவு அமைச்சு ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தாய்லாந்தில் "மின்னிலக்க விற்பனை, சந்தைப்படுத்துதல் நிர்வாகி" வேலை என்று ஆசை காட்டப்பட்ட இளைஞர்கள், சட்டவிரோதமாக எல்லை கடத்தப்பட்டு மியன்மாரில் அடைத்து வைக்கப்பட்டிருப்பதாக அது அறிவித்தது. அவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தனர். அக்டோபர் மாதத் தொடக்கத்தில் 13 தமிழர்கள் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தனர். விற்பனை என்று சொல்லி அழைத்துச் செல்லப்பட்டவர்கள் அங்கே இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டனர். அதே ஆண்டில் மலேசியர் பலரும் கம்போடியா, மியன்மார் போன்ற நாடுகளில் இதே முறையில் சிக்கி, அரசாங்கத்தின் முயற்சியால் மீட்கப்பட்டனர். 2023 ஆகஸ்ட்டில் வெளியான ஐக்கிய நாடுகள் அவையின் மனித உரிமை அலுவலக அறிக்கை, மியன்மாரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் ஏறத்தாழ 1,00,000 பேரும் இப்படிப்பட்ட மோசடி வேலையில் சிக்கியிருக்கக்கூடும் என மதிப்பிட்டது.

அங்கே சென்றவர்கள் படிப்பறிவில்லாதவர்கள் அல்லர். கணினித் திறன் உள்ளவர்களையே அந்தக் கும்பல்கள் குறிவைத்தன. சுற்றுலா விசாவில் அழைத்துச் சென்று, "அங்கே போனதும் வேலை அனுமதி எடுத்துத் தருகிறோம்" என்பதே அவர்களின் வழி. வெளிநாட்டு வேலை என்று யார் சொன்னாலும் வேலை அனுமதியும் ஒப்பந்தமும் புறப்படும் முன்பே கையில் இருக்க வேண்டும். கடப்பிதழை வேறொருவரிடம் ஒப்படைக்கக்கூடாது.

தெரிந்தவர் அழைத்தால்?

பட்டணத்திலும் தோட்டத்திலும் வேலைச் செய்தி பெரும்பாலும் தெரிந்தவர் மூலமாகவே வருகிறது. கோயில் திருவிழாவில் பார்த்த அண்ணன், பள்ளியில் மூத்த மாணவியாக இருந்த அக்கா, தூரத்து மாமா என யாராவது ஒருவர் சொல்லியிருப்பார். அவரிடம் கேள்வி கேட்டால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்ற தயக்கம் எழுவது இயல்பு. ஆனால் அவரும் ஏமாற்றப்பட்டவராக இருக்கலாம். ஆகவே பணிவோடும் தெளிவோடும் கேட்கலாம்:

"அண்ணே, ரொம்ப நன்றிங்க. கம்பெனி பேரு, பதிவு எண், ஆஃபர் லெட்டர் மூணும் அனுப்பினீங்கன்னா அப்பாகிட்ட காட்டிட்டு நாளைக்குச் சொல்றேங்க."

இந்த ஒரு செய்திக்கு வரும் பதிலே பாதி விடையைச் சொல்லிவிடும். நேர்மையான முதலாளி தாளை அனுப்புவார். ஒரு நாள் காத்திருப்பார். மோசடிக்காரர், "இப்போதே முடிவு சொல், இல்லாவிட்டால் இடம் போய்விடும்" என்று நெருக்குவார், அல்லது, "என்னை நம்பவில்லையா?" என்று மனத்தைத் தொடுவார். நம்பிக்கை ஆளைப் பற்றியது. கேள்வி நிறுவனத்தைப் பற்றியது. இரண்டையும் குழப்புபவரிடம் எச்சரிக்கை தேவை.

தாளில் கையெழுத்திட்டுவிட்டு, "வேலையை விட்டால் இழப்பீடு கட்ட வேண்டும்" என்ற மிரட்டலுக்கு அஞ்சுவோரும் உள்ளனர். 18 வயது நிரம்பாத இளையோர் வேலை ஒப்பந்தத்தை மீறினாலும் அவர்களிடமிருந்து இழப்பீடு பெற முடியாது என்கிறது 1966ஆம் ஆண்டு சிறார், இளையோர் வேலைச் சட்டம். சந்தேகம் இருந்தால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் விளக்கம் கேட்கலாம்.

சிக்கிக்கொண்டால்

ஏமாந்தவர் பலர் வெட்கத்தால் வாய் திறப்பதில்லை. அந்த மௌனம் மோசடிக்காரருக்கே உதவுகிறது. பணம் அனுப்பப்பட்டது தெரிந்த உடனேயே வங்கியையோ, 997 என்ற எண்ணில் தேசிய மோசடித் தடுப்பு நடவடிக்கை மையத்தையோ அழைக்க வேண்டும். பணம் பல கணக்குகளுக்குச் சிதறும் முன் தடுக்க நேரம் மிகக் குறைவு. அதன் பின் அருகிலுள்ள காவல் நிலையத்தில் புகார் செய்ய வேண்டும். உரையாடல்கள், பணம் செலுத்திய சீட்டுகள், தொலைபேசி எண்கள் ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

பணம் அனுப்பும் முன்பே காவல்துறையின் "செமாக் மியூல்" இணையத்தளத்தில் வங்கிக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் சோதிக்கலாம். அங்கே பெயர் இருந்தால் விலகிவிட வேண்டும். இல்லாவிட்டால் அது நல்லது என்று பொருளாகாது. இன்னும் எவரும் புகார் செய்யவில்லை என்பதே பொருள். பாதுகாப்பாக வேலை தேட, சொக்சோ நடத்தும் "மைஃபியூச்சர்ஜாப்ஸ்" என்ற தேசிய வேலைத் தளம் உண்டு. அதில் வேலை தேடுவோர் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை.

முதல் வேலை ஒருவருக்குச் சம்பளத்தோடு தன்னம்பிக்கையையும் தருகிறது. அந்த வேலையைத் தேடும் இளையோர் எல்லா விளம்பரத்துக்கும் அஞ்சி ஒதுங்க வேண்டியதில்லை. யார் தருகிறார், எதை விற்பது, எவ்வளவு உறுதி, பணம் எந்தத் திசையில் ஓடுகிறது என்னும் நான்கையும் கேட்டு, பதிலை எழுத்தில் பெற்று, வீட்டில் ஒருவரிடம் காட்டிவிட்டுச் சென்றால் போதும். நல்ல வேலை அந்தக் கேள்விகளைத் தாங்கும்.

சிந்தித்து விடை கூறுக

1. மாதிரி விளம்பரத்தில் விடுபட்டுள்ள தகவல்கள் ஐந்தைப் பட்டியலிடுக.
2. "சம்பாதிக்கலாம்", "சம்பளம் வழங்கப்படும்" ஆகியவற்றுக்கு இடையே உள்ள பொருள் வேறுபாட்டை விளக்குக.
3. தொழிலாளிக்கும் சுயேச்சை விற்பனை முகவருக்கும் உள்ள வேறுபாடுகள் யாவை?
4. நேர்மையான விற்பனை வேலைக்கு ஏற்றவாறு மாதிரி விளம்பரத்தை மாற்றி எழுதுக.
5. உறவினர் ஒருவர் முன்பணம் கட்டி வேலையில் சேரச் சொல்கிறார். அவர் மனம் நோகாமல் மறுத்துப் பேசும் உரையாடல் ஒன்றை எழுதுக.